கொலஸ்ட்ரால் கூடியிருக்கிறதா என்று கண்டறிவது எப்படி: ரத்தம் எடுப்பவர் சொல்லும் வழி

ரத்தத்தில் கொலஸ்ட்ரால் கூடினால் உடம்பில் எதுவும் தெரியாது. வலிக்காது, வீங்காது, காய்ச்சல் வராது, பசி குறையாது. ரத்தம் எடுத்து, அதைச் சோதித்து, எண்ணை எழுதிக் கொடுப்பது என் தொழில். நாற்காலியில் வந்து உட்காருகிறவர்கள் கையை நீட்டிக்கொண்டே கேட்பார்கள்: “பின்கழுத்து இழுத்துப் பிடிக்கிறது சிஸ்டர், கொழுப்பு ஏறியிருக்குமோ?” தலைசுற்றல், களைப்பு, கால் மரத்துப்போவது, தூக்கமின்மை என்று எல்லாவற்றையும் கொலஸ்ட்ராலின் கணக்கில் எழுதும் பழக்கம் வந்துவிட்டது. இந்தத் தொல்லைகளுக்கு வேறு காரணங்கள் உண்டு. அவற்றுக்காக மருத்துவரைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அவை கொலஸ்ட்ரால் கூடியதற்கான அறிகுறிகள் அல்ல.

எனக்கு அதிகக் கவலை தருபவர்கள் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறார்கள். “எனக்கு ஒன்றும் செய்யவில்லையே, எதற்குப் பரிசோதனை?” என்பவர்கள். ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் இதன் இயல்பு. அறிகுறி வரட்டும் என்று காத்திருந்தால், முதல் அறிகுறியே மாரடைப்பாக இருக்கலாம்.

ஏன் இப்படி மௌனமாக இருக்கிறது? கொலஸ்ட்ரால் உடம்புக்கு வேண்டாத பொருள் அல்ல. உயிரணுக்களின் சுவருக்கு அது வேண்டும். பித்தநீருக்கும், வைட்டமின் டி-க்கும், பல ஹார்மோன்களுக்கும் அதுவே மூலப்பொருள். பெரும்பகுதியைக் கல்லீரலும் மற்ற உயிரணுக்களும் தாமே தயாரித்துக்கொள்கின்றன. நீரில் கரையாத பொருள் என்பதால், புரதம் போர்த்திய நுண்துகள்களுக்குள் ஏறித்தான் அது ரத்தத்தில் பயணம் செய்கிறது. அந்தத் துகள்களில் ஒரு வகை எல்டிஎல். அது அளவுக்கு மீறி, ஆண்டுக்கணக்கில் ரத்தத்தில் சுற்றும்போது தமனிகளின் உட்சுவருக்குள் புகுந்து தங்குகிறது. அங்கே அழற்சி உண்டாகிறது, படிவு வளர்கிறது. தமனியின் உள்விட்டம் பாதிக்கு மேல் நன்றாகக் குறுகும் வரை இதயத்துக்குப் போகிற ரத்தம் போய்க்கொண்டுதான் இருக்கும், வலி வராது. அதைவிடக் கொடுமை, பல மாரடைப்புகள் அப்படிக் குறுகாத இடத்திலேயே வருகின்றன. சிறிய படிவு ஒன்று வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து, சில நிமிடங்களில் குழாயை அடைத்துவிடுகிறது. முந்தைய நாள் மாடிப்படி ஏறியபோது மூச்சுகூட வாங்காதவருக்கு இது நேரலாம்.

நடக்கும்போது நெஞ்சில் அழுத்தம் வந்து நின்றால் தணிவது, கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு ஓய்வெடுத்தால் விடுவது போன்றவை குழாய் குறுகியதன் அறிகுறிகள். அவற்றுக்கு உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். திடீரென்று முகம் ஒரு பக்கம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறுதல், ஓய்வெடுத்தும் தணியாத நெஞ்சழுத்தம், வியர்த்துக் கொட்டுதல் என்றால் கொலஸ்ட்ரால் பார்க்க எங்களிடம் வராதீர்கள். நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

தோலும் கண்ணும் காட்டுபவை

உடம்பு எதையும் காட்டாது என்றேன். பெரும்பாலோருக்கு அது உண்மை. சிலருக்கு மட்டும், முக்கியமாகப் பிறவியிலேயே எல்டிஎல் மிக அதிகமாக இருப்பவர்களுக்கு, சில தடயங்கள் தெரியும். பார்க்கத் தெரிந்தால் நீங்களே பார்க்கலாம்.

கையை விரித்து வைத்துப் பிறகு மெதுவாக முஷ்டியாக மூடுங்கள். புறங்கையில் விரல் கணுக்களின் மேல் ஓடும் தசைநாண்கள் அசைவது தெரியும். அந்தத் தசைநாணோடு சேர்ந்தே நகரும் கெட்டியான, வலியில்லாத முடிச்சு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். மேல்தோல் சாதாரணமாகவே இருக்கும். முடிச்சு அடியில் இருக்கும். அடுத்து குதிகாலுக்கு மேலே உள்ள பெரிய தசைநாண். ஒரு காலைத் தூக்கி மற்ற முழங்காலின் மேல் வைத்துக்கொண்டு, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அதை இரு பக்கமும் பிடித்து, மேலிருந்து கீழாக வருடி வாருங்கள். விளிம்பு கூர்மையாகவும் சீராகவும் இருக்க வேண்டும். தடித்து, மேடும் பள்ளமுமாக, பக்கங்களில் பருத்துத் தோன்றினால் மருத்துவரிடம் காட்டுங்கள். இந்த இரண்டு இடங்களில் எதிலாவது தசைநாண் முடிச்சு இருந்தால், அது குடும்பவழிக் கொலஸ்ட்ரால் நோயைச் சுட்டும் மிக வலுவான தடயம். குதிகால் முடிச்சைப் பழைய அடியென்றும், கணு முடிச்சை மூட்டுவாதமென்றும் எண்ணி ஆண்டுக்கணக்கில் மருந்து தடவியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கண்ணிமையின் உள்மூலையில் மஞ்சள் நிறத் தட்டைப் படலம் வருவதைப் பலரும் கவனிக்கிறார்கள், பயப்படுகிறார்கள். அது உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ரத்தக் கொழுப்பு சரியான அளவிலேயே இருக்கும். ஆகவே அதைக் கண்டால் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். செய்யும் முன்பே முடிவுக்கு வந்துவிடாதீர்கள். கருவிழியின் ஓரத்தைச் சுற்றி வெண்சாம்பல் வளையம் தெரிவதும் அப்படித்தான். முதியவர்களுக்கு அது வயதின் அடையாளம். 45 வயதுக்கு முன் தெரிந்தால் மட்டும் அதற்குப் பொருள் உண்டு.

டிரைகிளிசரைடு என்ற இன்னொரு கொழுப்பு கட்டுக்கடங்காமல் ஏறும்போது வேறு விதமாகத் தெரியும். பிட்டம், முழங்கை, முழங்கால், முதுகு ஆகிய இடங்களில் சிவந்த அடியும் மஞ்சள் நுனியுமாகச் சிறு கொப்புளங்கள் திடீரென்று கூட்டமாகக் கிளம்பும். அளவு ஒரு டெசிலிட்டருக்கு (100 மில்லி) 1000 மில்லிகிராமைத் தாண்டியவர்களுக்கே பெரும்பாலும் இது வரும். அந்த அளவில் முதல் ஆபத்து கணையத்துக்குத்தான். மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பரவும் கடும் வலியும் வாந்தியும் வந்தால் காத்திருக்கக் கூடாது.

அப்படிப்பட்டவரின் ரத்தத்தை எங்கள் மேசையில் பார்த்தாலே தெரிந்துவிடும். குழாயில் எடுத்த ரத்தம் உறைந்த பிறகு, அதை எந்திரத்தில் வைத்து வேகமாகச் சுற்றுவோம். சிவப்பு அடியில் தங்கும். மேலே தெளிந்த இளமஞ்சள் சீரம் நிற்கும். அதன் வழியே மறுபக்கத்தில் பிடித்த எழுத்தைப் படிக்கலாம். டிரைகிளிசரைடு மிகுந்தவரின் சீரம் பால்போல வெளுத்திருக்கும், எழுத்து தெரியாது. அதை அசைக்காமல் இரவு முழுவதும் குளிர்பெட்டியில் வைத்தால் சிலருடைய குழாயில் மேலே ஏடு கட்டி, கீழே தெளியும். உணவிலிருந்து வந்த பெரிய கொழுப்புத் துகள்கள் மிதந்துவிட்டன என்று பொருள். ஏடு கட்டாமல் முழுவதும் கலங்கலாகவே நின்றால் கல்லீரல் அனுப்பிய துகள்கள் மிகுந்திருக்கின்றன. ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: எல்டிஎல் மட்டும் எவ்வளவு ஏறியிருந்தாலும் சீரம் கலங்காது. கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும் சீரத்தில் எல்டிஎல் 250 இருந்ததை எந்திரம் காட்டியிருக்கிறது. பரிசோதனைக் கூடத்தில் பழகிய கண்ணுக்கே தெரியாதது, கண்ணாடி முன் நிற்கிறவருக்கு எப்படித் தெரியும்? அதனால்தான் எண்ணைக் கேட்டு வாங்குங்கள் என்கிறேன்.

யார், எப்போது

20 வயதானதும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். எல்லாம் சரியாக இருந்து வேறு ஆபத்துக் காரணி எதுவும் இல்லையென்றால் நான்கு முதல் ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை போதும். சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், சிறுநீரக நோய், புகைப்பழக்கம் இவற்றில் ஏதேனும் இருந்தால் இவ்வளவு இடைவெளி கூடாது. மருத்துவர் சொல்லும் கால அளவில் பாருங்கள். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எல்டிஎல் ஏறும். முன்பு சரியாக இருந்தது என்ற பழைய அறிக்கையை நம்பி இருந்துவிடாதீர்கள். குழந்தைகளுக்கு 9 முதல் 11 வயதுக்குள் ஒருமுறையும், 17 முதல் 21 வயதுக்குள் இன்னொரு முறையும் பார்க்கலாம் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் பரிந்துரை. குடும்பத்தில் இளவயது மாரடைப்போ மிக அதிகக் கொலஸ்ட்ராலோ இருந்தால் அதற்கும் முன்பே பார்க்கலாம்.

ஒல்லியாக இருப்பது விலக்கு அல்ல. தினமும் ஓடுகிறவர், கொழுப்பைத் தொடாதவர் என்பதும் விலக்கு அல்ல. உடல் எடை டிரைகிளிசரைடை நன்றாகவே பாதிக்கும். எல்டிஎல் அளவைத் தீர்மானிப்பதில் பிறவியமைப்பின் பங்கு பெரிது.

ரத்தம் கொடுக்கும் முன்

கேட்க வேண்டிய பரிசோதனை லிப்பிட் புரொஃபைல். மொத்தக் கொலஸ்ட்ரால் மட்டும் பார்த்து அனுப்புகிற பரிசோதனையால் பெரிய பயன் இல்லை. அதில் நான்கு எண்களாவது இருக்க வேண்டும்: மொத்தக் கொலஸ்ட்ரால், எல்டிஎல், ‘நல்ல கொழுப்பு’ என்று பலரும் சொல்லும் எச்டிஎல், டிரைகிளிசரைடு.

வெறும் வயிற்றில்தான் வர வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். முன்பு 9 முதல் 12 மணி நேரம் பட்டினி கட்டாயமாக இருந்தது. வழக்கமான பரிசோதனைக்கு அது தேவையில்லை என்று 2016-இல் ஐரோப்பிய வல்லுநர் குழு ஒன்று பரிந்துரைத்தது. இப்போது பல இடங்களில் சாப்பிட்டுவிட்டு வந்தாலும் எடுக்கிறார்கள். வழக்கமான சாப்பாட்டுக்குப் பின் டிரைகிளிசரைடு சராசரியாக 25 அளவுக்குக் கூடும். எல்டிஎல் சற்றே குறையும். எச்டிஎல் ஏறக்குறைய அப்படியே இருக்கும். முதல் பரிசோதனைக்கு இது தடையல்ல. ஆனால் டிரைகிளிசரைடு ஏற்கெனவே அதிகம் உள்ளவர்களும், சாப்பிட்டுவிட்டுக் கொடுத்ததில் அது 400-ஐத் தாண்டியவர்களும் பட்டினியோடு மறுபடி கொடுப்பது நல்லது. பட்டினி என்றால் தண்ணீரையும் நிறுத்துவது அல்ல. தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். குடித்தால் ரத்தக்குழாயும் எளிதில் கிடைக்கும். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள் பட்டினி இருக்கும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பரிசோதனைக்கு இரண்டு வாரம் முன்பு மட்டும் பத்தியம் இருந்து நல்ல எண்ணை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. அந்த எண்ணால் அவர்களுக்கு ஒரு நன்மையும் இல்லை. ஆண்டு முழுவதும் தமனிச் சுவர் எந்த எண்ணைச் சந்திக்கிறதோ, அதையே நாங்கள் அளக்க வேண்டும். எப்போதும் சாப்பிடுவதைச் சாப்பிடுங்கள். எப்போதும் போடும் மருந்தை, நிறுத்தச் சொன்னால் தவிர, நிறுத்தாதீர்கள். முந்தைய இரவில் மது வேண்டாம், அது டிரைகிளிசரைடைக் கூட்டும். காலையில் கடும் உடற்பயிற்சி செய்துவிட்டும் வர வேண்டாம்.

காய்ச்சல், தொற்று, அறுவை சிகிச்சை இவற்றுக்குப் பின் சில வாரங்களுக்கு எல்டிஎல் தாழ்ந்து காட்டும். அந்தத் தாழ்வை நம்பி மகிழ்ந்துவிடக் கூடாது. உடம்பு தேறிய பிறகு பாருங்கள். கர்ப்ப காலத்தில் கொலஸ்ட்ராலும் டிரைகிளிசரைடும் இயல்பாகவே ஏறும். அவசரக் காரணம் இல்லையென்றால் பேறுகாலத்துக்குப் பின் சில வாரங்கள் பொறுத்துப் பார்க்கலாம். மாரடைப்போடு மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் முதல் 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிடுவார்கள். தாமதித்தால் எண் இறங்கத் தொடங்கிவிடும்.

பரிசோதனைக் கூடத்துக்குள் வந்ததும் கையை நீட்டாதீர்கள். ஐந்து நிமிடம் உட்காருங்கள். நிற்கும்போது ரத்தத்தின் நீர்ப்பகுதி குழாய்களை விட்டுச் சற்று வெளியேறும். உள்ளே இருக்கும் கொழுப்பு செறிவாகிவிடும். படுத்திருந்து எடுத்ததற்கும் நின்றுகொண்டிருந்து எடுத்ததற்கும் பத்து சதவீதம் வரை வித்தியாசம் வரும். புயத்தில் கட்டும் ரப்பர் பட்டையையும் நிமிடக்கணக்கில் இறுக்கி வைக்கக் கூடாது. குழாய் கிடைக்கவில்லை என்று நெடுநேரம் கட்டியே வைத்திருந்தால், “கொஞ்சம் தளர்த்திவிட்டு மறு கையில் பாருங்கள்” என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நல்ல டெக்னீஷியன் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

விரல் நுனியில் குத்தி வீட்டிலேயே பார்க்கும் கருவிகளும் வந்துவிட்டன. ஓர் அனுமானத்துக்கு அவை உதவும். சில கருவிகள் மொத்தக் கொலஸ்ட்ராலை மட்டுமே காட்டும். துளி வரவில்லை என்று விரலைப் பிழிந்தால் திசுநீர் கலந்து எண் மாறும். அதை வைத்து மருந்து தொடங்கவோ நிறுத்தவோ கூடாது. ஈசிஜி சரியாக இருக்கிறது, எக்கோ சரியாக இருக்கிறது, ஆகவே கொலஸ்ட்ராலும் சரி என்று நினைப்பதும் தவறு. அவை இதயத்தின் மின்னோட்டத்தையும் துடிப்பையும் பார்க்கின்றன. ரத்தத்தில் எவ்வளவு கொழுப்பு ஓடுகிறது என்பது அவற்றுக்குத் தெரியாது.

அறிக்கையைப் படிப்பது

முதலில் அலகைப் பாருங்கள். சில நாடுகளில் ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று கொடுப்பார்கள். வேறு சில நாடுகளில் லிட்டருக்கு இத்தனை மில்லிமோல். கொலஸ்ட்ராலுக்கு மில்லிமோல் எண்ணை 38.67-ஆல் பெருக்கினால் மில்லிகிராம் கிடைக்கும். 5.9 என்று எழுதியிருந்தால் 228. டிரைகிளிசரைடுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அதை 88.57-ஆல் பெருக்க வேண்டும். வெளிநாட்டு அறிக்கையை வைத்துக்கொண்டு குழம்புகிறவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். நான் மேலே சொன்னதும் இனிச் சொல்வதும் எல்லாம் மில்லிகிராம் கணக்கு.

மொத்தக் கொலஸ்ட்ரால் 200-க்குள் இருந்தால் நல்லது, 240-ஐத் தொட்டால் அதிகம். எல்டிஎல் 100-க்குள் நல்லது. 130 முதல் 159 வரை எல்லைக்கோடு. 160 முதல் அதிகம். 190 முதல் மிக அதிகம். எச்டிஎல் ஆண்களுக்கு 40-க்கும் பெண்களுக்கு 50-க்கும் குறைந்தால் அது ஓர் ஆபத்துக் காரணி. டிரைகிளிசரைடு 150-க்குள் இருக்க வேண்டும். 500-ஐத் தாண்டினால் கணையத்தை நினைத்துக் கவலைப்பட வேண்டும்.

மொத்த எண்ணை மட்டும் பார்ப்பது ஏன் போதாது என்று ஒரு கணக்கில் காட்டுகிறேன். இருவருக்கும் மொத்தம் 228 என்று வைத்துக்கொள்வோம். முதலாமவருக்கு எச்டிஎல் 38, டிரைகிளிசரைடு 210. இரண்டாமவருக்கு எச்டிஎல் 78, டிரைகிளிசரைடு 75. மொத்தத்திலிருந்து எச்டிஎல்-ஐக் கழித்துப் பாருங்கள். முதலாமவருக்கு 190, இரண்டாமவருக்கு 150. தமனிச் சுவரில் புகக்கூடிய எல்லா வகைத் துகள்களும் சுமக்கும் கொலஸ்ட்ரால் அதுதான். பெயர் நான்-எச்டிஎல். அறிக்கையில் அச்சிடாவிட்டாலும் நீங்களே கழித்து எழுதிக்கொள்ளலாம். பட்டினி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது நம்பகமான எண். எல்டிஎல்-க்குச் சொல்லப்படும் எல்லையோடு 30 கூட்டினால் அதற்கான எல்லை.

எல்டிஎல் எண்ணைப் பெரும்பாலான பரிசோதனைக் கூடங்கள் நேரடியாக அளப்பதில்லை, கணக்கிட்டு எழுதுகின்றன. 1972-இல் ஃப்ரீட்வால்ட் குழுவினர் தந்த சூத்திரம் இன்றும் பரவலாக இருக்கிறது: மொத்தத்திலிருந்து எச்டிஎல்-ஐயும், டிரைகிளிசரைடின் ஐந்தில் ஒரு பங்கையும் கழிக்க வேண்டும். முதலாமவருக்கு 228-லிருந்து 38-ம் 42-ம் போக 148. இரண்டாமவருக்கு 78-ம் 15-ம் போக 135. டிரைகிளிசரைடு 400-க்கு மேல் போனால் இந்தச் சூத்திரம் செல்லாது. எல்டிஎல் மிகவும் குறைவாக இருக்கும்போதும் உண்மையைவிடத் தாழ்த்திக் காட்டும். இவற்றைச் சரிசெய்யப் புதிய சூத்திரங்கள் வந்திருக்கின்றன. உங்கள் அறிக்கையில் எல்டிஎல் ‘கணக்கிடப்பட்டது’ என்றிருக்கிறதா, ‘நேரடி’ என்றிருக்கிறதா என்று பாருங்கள். ஒருமுறை கணக்கிட்டும் மறுமுறை நேரடியாகவும் பார்த்துவிட்டு, ஏறியது இறங்கியது என்று ஒப்பிடுவதில் பொருளில்லை. முடிந்தவரை ஒரே இடத்தில் கொடுங்கள்.

எச்டிஎல் அதிகம், அதனால் எல்டிஎல் அதிகமானாலும் பரவாயில்லை என்று சிலர் ஆறுதல் அடைகிறார்கள். நல்ல கொழுப்பு என்ற பெயர் தரும் மயக்கம் அது. எச்டிஎல்-ஐக் கூட்டும் மருந்துகளைக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வுகளில், அந்த எண் ஏறியதால் மட்டும் மாரடைப்பு குறையவில்லை. இரண்டையும் வகுத்து விகிதம் போட்டு நிம்மதி தேடாமல், எல்டிஎல்-ஐயும் நான்-எச்டிஎல்-ஐயும் அதனதன் இடத்தில் பாருங்கள்.

அறிக்கையின் ஓரத்தில் அச்சிட்ட இயல்பு வரம்பு எல்லோருக்கும் பொதுவானது. உங்களுக்கென்று எழுதியது அல்ல. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கு எல்டிஎல் 95 என்றால் எந்திரம் நட்சத்திரக் குறி போடாது. ஆனால் அவருக்கு 70-க்கும், ஐரோப்பிய வழிகாட்டுதலின்படி 55-க்கும் கீழே இறக்கச் சொல்வார்கள். குறி இல்லை என்று அறிக்கையை மடித்து வைத்துவிடும் இதய நோயாளிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதைக்கும்.

வாழ்நாளில் ஒருமுறை பார்க்க வேண்டிய இன்னொரு எண் லிப்போபுரோட்டீன்-ஏ. நார்வேயைச் சேர்ந்த கோரெ பெர்க் 1963-இல் கண்டறிந்த துகள் அது. அளவு ஏறக்குறைய முழுவதும் பிறவியில் வருவது. உணவாலும் உடற்பயிற்சியாலும் பெரிதாக மாறாது. வழக்கமான லிப்பிட் புரொஃபைலில் வராது, தனியாகக் கேட்க வேண்டும். 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால், மற்ற எண்கள் எல்லாம் சரியாக இருப்பவருக்கும் ஆபத்து கூடுகிறது. குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இருந்து லிப்பிட் புரொஃபைல் சரியாக இருந்தால், இதைத் தவறாமல் கேளுங்கள்.

எண் கூடியிருந்தால்

ஒரே ஓர் அறிக்கையை வைத்து முடிவு கட்டாதீர்கள். எதையும் மாற்றாமல் இருந்தாலும் ஒரே ஆளின் கொலஸ்ட்ரால் நாளுக்கு நாள் சில சதவீதம் ஏறி இறங்கும். டிரைகிளிசரைடு அதைவிட மிக அதிகமாக ஊசலாடும். சில வாரங்கள் கழித்து மறுபடி பார்த்து உறுதி செய்துகொள்வதே முறை. எல்டிஎல் 190-ஐத் தாண்டியிருந்தாலும் டிரைகிளிசரைடு 500-ஐத் தாண்டியிருந்தாலும் மட்டும், மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப் போடாதீர்கள்.

மறுபரிசோதனையோடு சேர்த்து வேறு சிலவற்றையும் மருத்துவர் எழுதுவார். எழுதாவிட்டால் கேளுங்கள். தைராய்டு சுரப்பு குறைந்தால் எல்டிஎல் ஏறும். தைராய்டைச் சரிசெய்தால் பலருக்கு அது தானே இறங்கும். சிறுநீரில் புரதம் மிகுதியாக வெளியேறும் சிறுநீரக நோயிலும், பித்தநீர்ப் பாதை அடைபடும்போதும் கொலஸ்ட்ரால் கூடும். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை, டிரைகிளிசரைடைத் தூக்கும். ஸ்டீராய்டு, சில வகைச் சிறுநீர்ப்பெருக்கி மாத்திரைகள், பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின் போன்றவையும் கொழுப்பைக் கூட்டக்கூடியவை. சாப்பிடும் எல்லா மருந்துகளின் பெயரையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். இந்தக் காரணங்களைத் தேடாமல் கொலஸ்ட்ராலுக்கு மட்டும் மாத்திரை தொடங்கினால் அடிப்படையான நோய் மறைந்தே கிடக்கும்.

வீட்டில் உள்ள மற்றவர்கள்

இந்தப் பகுதிக்காகத்தான் நான் எழுத உட்கார்ந்தேன்.

ஒருமுறை இளைஞர் ஒருவருக்கு ரத்தம் எடுக்கக் கையைப் பிடித்தேன். வேலையில் சேர மருத்துவச் சான்று வேண்டி வந்தவர். மெலிந்த, உறுதியான உடம்பு. முஷ்டியை மூடச் சொன்னபோது மூன்று கணுக்களின் மேல் முடிச்சுகள் எழுந்து நின்றன. “சிறு வயதிலிருந்தே இருக்கிறது” என்றார். அப்பாவுக்கும் அப்படி இருந்ததா என்று கேட்டேன். இருந்தது என்றார். அப்பா எங்கே என்று கேட்டதற்கு, நாற்பது வயதைத் தாண்டியதுமே நெஞ்சுவலியில் போய்விட்டார் என்றார். அந்த இளைஞருக்கு லிப்பிட் பரிசோதனை எழுதப்படவே இல்லை. மருத்துவரிடம் சொல்லி அதையும் சேர்த்தோம். எல்டிஎல் 300-ஐத் தாண்டியிருந்தது. அவருக்கு ஒரு தங்கை இருந்தார். அடுத்த வாரமே அவரையும் வரவழைத்தோம்.

இதுதான் குடும்பவழி மிகைக் கொலஸ்ட்ரால். நார்வே மருத்துவர் கார்ல் முல்லர், தசைநாண் முடிச்சும் அதிகக் கொலஸ்ட்ராலும் இதயநோயும் ஒரே குடும்பங்களில் சேர்ந்து வருவதை 1930-களின் இறுதியில் விவரித்தார். காரணம் பிறகு தெரிந்தது: ரத்தத்திலிருந்து எல்டிஎல்-ஐப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் கல்லீரல் உயிரணுக்களில் குறைவு அல்லது பழுது. அந்த ஏற்பியைக் கண்டறிந்த மைக்கேல் பிரௌனுக்கும் ஜோசப் கோல்ட்ஸ்டைனுக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு இந்தக் குறைபாடு இருக்கிறது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வரும் வாய்ப்பு சரிபாதி. பிறந்த நாளிலிருந்தே எல்டிஎல் அதிகமாக இருப்பதால் தமனிகள் இளமையிலேயே பழுதாகின்றன. சிகிச்சை பெறாத ஆண்களில் பாதிப் பேருக்கு 50 வயதுக்குள் இதயநோய் வந்துவிடுகிறது. நேரத்தோடு கண்டுபிடித்தால் இதைத் தடுக்க இன்று நல்ல மருந்துகள் இருக்கின்றன. கண்டுபிடிக்கப்படாமல் இருப்பவர்களே மிகப் பெரும்பாலோர் என்பதுதான் வேதனை.

ஆகவே ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். பெற்றோர், உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் என்று நெருங்கிய ரத்த உறவுகளை முதலில் எழுதுங்கள். அடுத்து தாத்தா, பாட்டி, பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா, சித்தி. ஒவ்வொருவருக்கும் மாரடைப்போ பக்கவாதமோ வந்ததா, எந்த வயதில் என்று குறியுங்கள். ஆண்களுக்கு 55 வயதுக்கு முன்பும் பெண்களுக்கு 65 வயதுக்கு முன்பும் வந்திருந்தால் அது இளவயது இதயநோய். “தூக்கத்திலேயே போய்விட்டார்”, “நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார், அப்படியே சாய்ந்துவிட்டார்” என்று வீட்டில் சொல்லும் கதைகளில் வயதை மட்டும் கேட்டு வாங்குங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். அவர்களுக்குப் பின் அதைச் சொல்ல ஆளிருக்காது.

உங்கள் எல்டிஎல் 190-க்கு மேல் என்றால், பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் பெற்றோருக்கும் பரிசோதனை வேண்டும். பிள்ளைகளுக்கு 160-க்கு மேல் இருந்தாலே சந்தேகிக்க வேண்டும். ஒருவருக்கு உறுதியானதும் அவருடைய அடுத்த உறவுகளைப் பார்க்க வேண்டும். இப்படி ஒருவர் வழியாக ஒரு குடும்பத்தையே காப்பாற்றிவிடலாம். திருமணத்துக்குத் தடையாகிவிடுமே என்று பிள்ளையின் அறிக்கையை மறைத்து வைக்கும் பெற்றோரிடம் நான் கைகூப்பிக் கேட்டிருக்கிறேன், மறைக்காதீர்கள் என்று. பெற்றோர் இருவரிடமிருந்தும் இந்தக் குறைபாடு ஒரே பிள்ளைக்கு வந்தால், குழந்தைப் பருவத்திலேயே உயிருக்கு ஆபத்தாகும் கடும் நோயாக மாறும். சொல்லிவிடுவதுதான் இரு குடும்பத்துக்கும் நல்லது.

சிகிச்சை தொடங்கியவர்கள் 4 முதல் 12 வாரங்களுக்குள் மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும். மருந்து வேலை செய்கிறதா, அளவு போதுமா என்பது அப்போதுதான் தெரியும். அதன் பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில், பெரும்பாலும் 3 முதல் 12 மாதங்களுக்கு ஒருமுறை. வரும்போது பழைய அறிக்கைகளை எல்லாம் தேதி வரிசையில் அடுக்கிக் கொண்டு வாருங்கள். எண் இறங்கிவிட்டது என்று மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். அது இறங்கியிருப்பது மருந்தால்தான், நிறுத்தினால் சில வாரங்களில் பழைய இடத்துக்கே ஏறிவிடும்.